தாளில் இல்லாத பின்பக்கம்

எங்கோ யாரோ தட்டையான தாளில் போட்ட படத்தை, கையில் தூக்கித் திருப்பிப் பார்க்கக்கூடிய கட்டையாக மாற்றிக் கொடுப்பது என் தொழில். இதில் படம் போட்டவருக்குக் கோபம் வந்தால் கடுதாசி வரும், கட்டையை வாங்கியவருக்குக் கோபம் வந்தால் அவரே வந்துவிடுவார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு சின்ன வார்ப்படப் பட்டறை. எழுபதுகளின் நடுவில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். என் சர்டிபிகேட்டில் ‘டிராப்ட்ஸ்மேன்’ என்று இருந்தது. முதல் நாள் அதை வாங்கிப் படித்த முதலாளி அண்ணாச்சி, என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேன் வரவில்லையா என்று கேட்டார். நான்தான் அது என்றேன். சன்னல் ஓரமாக ஒரு மேஜையைப் போட்டுக் கொடுத்தார்.

வேலை இதுதான். யாருடைய மெஷினிலாவது ஒரு பாகம் உடையும். மெஷின் வெளிநாட்டுச் சரக்காக இருக்கும். உடைந்த பாகம் கடையில் கிடைக்காது, அதன் படம் மட்டும் எங்கிருந்தாவது கிடைக்கும். அந்தப் படத்தை நான் வார்ப்புக்குத் தோதாகத் திருத்தி வரைவேன். அதைப் பார்த்து ஆறுமுக ஆசாரி தேக்கில் ஒரு மாதிரிக் கட்டை செய்வார். அதற்கு எங்கள் பாஷையில் பேட்டர்ன். மோல்டர் இசக்கி அதை மண்ணில் பதித்து எடுத்து, விழுந்த பள்ளத்தில் இரும்பை உருக்கி ஊற்றுவார். இவ்வளவுதான். ஆனால் படம் போட்டவர்களுக்குப் பொருளின் வெளித்தோலை வரையத்தான் ஆசை. உள்ளே என்ன, பின்னால் என்ன, கனம் எவ்வளவு என்பதெல்லாம் அவர்களுக்கு அடுத்தவன் பாடு. அந்த அடுத்தவள் நான்.

அடுத்தவர் போட்ட கோட்டை நம்பித் துணியை வெட்டிய தையல்காரர்கள், பிளானை நம்பிக் கடைக்கால் தோண்டிய கொத்தனார்கள், தரகர் காட்டிய போட்டோவை நம்பிக் கழுத்தை நீட்டியவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்களே. உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

நீளமான அடி

இரும்பு ஆறும்போது சுருங்கும். ஒரு அடி நீளத்துக்கு அரைக்கால் அங்குலம் சுருங்கும். அதனால் கட்டையை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று எங்கள் தொழிலில் தனியாக ஒரு ஸ்கேல் உண்டு. அதில் ஒரு அடி என்று போட்டிருப்பது நிஜத்தில் ஒரு அடியும் அரைக்கால் அங்குலமும்.

எடை அளவு சோதிக்கும் அதிகாரி ஒருவர் ஒருநாள் பட்டறைக்கு வந்தார். பழைய இரும்பு வாங்கும் தராசைப் பார்க்கத்தான் வந்தார். போகிற போக்கில் என் மேஜையில் இருந்த ஸ்கேலை எடுத்து, தன் டேப்பை அதன் மேல் வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. எத்தனை வருஷமாக இது நடக்கிறது என்று கேட்டார். இரும்பு சுருங்கும் விஷயத்தை நான் விளக்கினேன். நம்பவில்லை. இசக்கி ஒரு பேட்டர்னையும் அதிலிருந்து வார்த்த இரும்பையும் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதிகாரி அளந்து பார்த்தார். இரும்பு குறைவாக இருந்தது. அப்படியானால் வாங்குகிறவருக்குக் குறைத்துக் கொடுக்கிறீர்கள் என்று அதையும் எழுதிக்கொண்டார். அதன் பிறகு நான் விளக்கவில்லை. ஸ்கேலைத் துணிப்பையில் செருகிக்கொண்டு புறப்படும்போது அவர் சொன்னது:

“இரும்பு சுருங்குறது உங்க வீட்டு விஷயம்மா. ஸ்கேல் அரசாங்கத்து விஷயம்.”

சிங்கமும் குளிக்க வந்திருக்கு

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் சீசனுக்கு ஒரு மாதம் முன்னால் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் காகிதக் கூழில் செய்த சிங்க முகமூடி. அருவிக்கரைக் கடையில் குழந்தைகளுக்கு வாங்குவோமே, அது. இதை அப்படியே இரும்பில் வார்த்துக் கொடுங்கள், லாட்ஜ் குளியல் தொட்டிக்கு மேலே பதிக்கப் போகிறேன், எண்ணெய் தேய்த்து வருகிறவர்கள் சிங்கத்தின் வாயிலிருந்து விழும் தண்ணீரில் குளிப்பார்கள் என்றார்.

முகமூடியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் பள்ளம், கனம் ஒரு பப்படம் அளவு. இதற்குப் பின்பக்கம் எப்படி வேண்டும் என்று கேட்டேன். பின்னால யார் பாக்கா என்றார். கனம் எவ்வளவு வைக்கலாம் என்றேன். சிங்கம் என்றால் கெட்டியாக இருக்க வேண்டாமா, முழுக்க நிரப்பிவிடுங்கள் என்றார். தண்ணீர் எங்கிருந்து வரும் என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் வாயிலிருந்து என்றுதான் பதில் சொன்னார். நான் சின்னப் பெண், அவர் பெரிய மனுஷர், முதலாளி அண்ணாச்சிக்குத் தூரத்துச் சொந்தம் வேறு. கேட்டபடியே செய்து கொடுத்தோம். ஆறுமுக ஆசாரி பிடரி மயிரை ஒவ்வொரு இழையாகச் செதுக்கினார். நாலு பேர் சேர்ந்துதான் வண்டியில் ஏற்றினார்கள்.

சீசன் நடுவில் ஆசாரியும் நானும் போய்ப் பார்த்தோம். தொட்டிச் சுவரில் சிங்கம் வாயை ஆவென்று திறந்துகொண்டிருந்தது. உள்ளே குழாய் போக வழி ஏது, வாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. அதன் தலைக்கு மேலே ஒரு குழாயை வைத்திருந்தார்கள். தண்ணீர் சிங்கத்தின் உச்சந்தலையில் விழுந்து, மூக்கில் வழிந்து, அப்புறம் குளிக்கிறவர்கள் மேல் விழுந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் லாட்ஜ்காரர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“வாறவங்க கேட்டா, சிங்கமும் குளிக்க வந்திருக்குன்னு சொல்லிக்கிடுதேன்.”

வலத்தே, எடத்தே

மேலிருந்து பார்த்த தோற்றத்தைப் படத்தில் மேலே போடுவது சில தேசத்து வழக்கம், கீழே போடுவது வேறு சில தேசத்து வழக்கம். பக்கவாட்டுத் தோற்றமும் அப்படியே இடம் வலம் மாறும். எந்த வழக்கம் என்று சொல்ல, தாளின் மூலையில் சின்னதாக ஒரு குறி இருக்கும். புளியறை தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வந்த படத்தில் அந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது. மெஷின் ஒரு தேசம், படம் போட்டவர் வேறு தேசம். நான் ஒரு வழக்கத்தை நம்பி வரைந்தேன். ஆசாரி என்னை நம்பினார், இசக்கி ஆசாரியை நம்பினார். தேயிலை உருட்டும் மெஷினுக்கு நாலு தாங்கிக் கைகள் தயாராகிவிட்டன.

எடுத்துப்போக வந்த சூப்பர்வைசர் வர்கீஸ் ஒன்றைக் கையில் தூக்கினார். தன் இடது கையையும் வலது கையையும் மாறி மாறி நீட்டிப் பார்த்துக்கொண்டார். அவருக்கு வேண்டியது வலது கை. நான் நாலு இடது கை செய்து வைத்திருந்தேன். அண்ணாச்சி தாளை வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வேலை போய்விடும் என்று முடிவு செய்து என் செட் ஸ்கொயர்களை டப்பாவில் எடுத்து வைக்க ஆரம்பித்தேன். வர்கீஸ் லாரிக்காரரைக் கூப்பிட்டு நாலையும் ஏற்றச் சொன்னார். வேண்டாம், வேறு செய்து தருகிறோம் என்று அண்ணாச்சி தடுத்தார். அதற்கு அவர் பாதி மலையாளத்தில் சொன்னது:

“அதும் செய்தோ. இதும் இருக்கட்டே. ஞங்களுடெ மெஷினுக்கு எடத்தே கையும் உண்டு, மோளே. அது ஓணத்துக்கு முன்னே ஒடியும்.”

பெண் பார்க்க வந்தவர்

எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெண் வார்ப்படப் பட்டறையில் வேலை என்று முன்பே சொல்லியிருந்ததால், அது தடையாக இருக்குமோ என்று அம்மாவுக்கு உதறல். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் தன் காலடியில் வைத்திருந்த மஞ்சள் பையை அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தாம்பூலம் கொண்டுவந்திருக்கிறார், பிடித்துப்போய்விட்டது, இன்றைக்கே தட்டு மாற்றிவிடுவார்கள் என்று பெரியம்மா என் காதில் சொன்னாள்.

நான் நமஸ்காரம் செய்து எழுந்ததும் அவர் பையைத் திறந்தார். உள்ளே இரண்டாக ஒடிந்த ஒரு இரும்புப் பற்சக்கரம். அவர்கள் வீட்டு மாவு மில்லில் போட்டிருந்ததாம். நாலு பல் காணோம். தரையில் உட்கார்ந்து, இரண்டு துண்டையும் ஒட்டிப் பிடித்து, பற்களை எண்ணி, காணாமல் போன பல்லின் அளவை என் சேலைத் தலைப்பில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். மாப்பிள்ளையை நான் பார்க்கவே இல்லை. ஆனால் சக்கரத்துக்கு மொத்தம் முப்பத்தெட்டுப் பல் என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. கிளம்பும்போது வாசல்வரை போன என் அப்பாவிடம் அவர் மெதுவாகச் சொன்னது:

“பொண்ணப் பத்தி வீட்ல பேசிட்டு லெட்டர் போடுதோம். இந்தச் சாமான் மட்டும் செவ்வாக்கிழமைக்குள்ள கெடச்சிருமா?”

ஏழாவது வெட்டு

வடகரை வேலாயுதம் அண்ணாச்சி சிரிக்கிற நிலையில் வரவில்லை. அவருடைய கிணற்றுப் பம்பின் கூடு வெடித்துவிட்டது. பழைய வெளிநாட்டுப் பம்பு. அந்த மாதிரிக் கூடு எந்தக் கடையிலும் இல்லை. நெல் கதிர் வாங்கும் நேரம், மழையும் இல்லை, கால்வாயும் காய்ந்துவிட்டது. சென்னையில் அந்தப் பம்பை விற்ற கடைக்கு எழுதி, ஒரு ப்ளூ பிரிண்ட்டை எப்படியோ வாங்கி வந்திருந்தார்.

பம்புக் கூடு நத்தை ஓடு போல இருக்கும். தண்ணீர் போகும் வழி சுற்றிச் சுற்றிப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக அகலும். அப்படி வளைகிற பொருளை முழுதாக வரைய முடியாது என்பதால், எட்டு இடத்தில் வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எட்டு வட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். இரண்டு வெட்டுக்கு நடுவே உள்ள தோலை நாம்தான் இணைத்துக்கொள்ள வேண்டும். ஆறாவது வெட்டு வரை ஒழுங்காக வந்தது. ஏழாவது வெட்டு ஆறாவதை விடச் சின்னதாக இருந்தது. எட்டாவது மறுபடி பெரிதாக இருந்தது. போகிற தண்ணீர் திடீரென்று குறுகி மறுபடி அகல வேண்டுமாம். ஆறு தப்பா, ஏழு தப்பா, இல்லை அப்படித்தான் இருக்க வேண்டுமா, யாருக்குத் தெரியும்? ஏழைத் தூக்கிப் போடு என்றார் ஆசாரி. தாளில் இருக்கும் அளவை மாற்ற நான் யார் என்றேன் நான். தேயிலைக் கை ஞாபகம் எனக்கு. இரண்டு நாள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தோம். கடைக்குத் தந்தி கொடுத்துக் கேட்டோம். படத்தில் உள்ளபடி செய்யவும் என்று பதில் வந்தது. வேலாயுதம் அண்ணாச்சி தினமும் முதல் பஸ்ஸில் வந்து, என் மேஜைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். அது திட்டுவதை விட மோசம்.

மூன்றாம் நாள் ஆசாரியும் நானும் அவரோடு வடகரைக்குப் போனோம். மிச்சமிருந்த கூட்டைப் படத்தோடு ஒப்பிட்டால், வெடித்துச் சிதறிய துண்டு இருந்த இடம்தான் ஏழாவது வெட்டு. அந்தத் துண்டு கிணற்றுக்குள் விழுந்துவிட்டது, கிணற்றில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். அது கிடைத்தால் அளவு தெரிந்துவிடும் என்று ஏதோ பேச்சுக்குச் சொன்னேன். வேலாயுதம் அண்ணாச்சி சட்டையைக் கழற்றினார். அறுபது வயதுக்காரர். வேண்டாம் என்று அவர் வீட்டுக்கார ஆச்சி ஓடிவருவதற்குள் குதித்துவிட்டார். முதல் முங்கில் வெறும் சகதி. இரண்டாவதில் ஒரு ஓட்டை வாளி. மூன்றாவதில் வெகுநேரம் மேலே வரவில்லை. ஆசாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கிவிட்டார். ஒரு ஏழாவது வெட்டுக்காக ஒரு மனுஷரைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது தலை தெரிந்தது. நெஞ்சோடு அணைத்தபடி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் துண்டு.

களிமண்ணை அப்பிக் கூட்டோடு ஒட்டவைத்து அளந்தேன். தாளில் இருந்த அளவு இல்லை. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே ஒழுங்காக அகன்று போகும் அளவு. அதாவது அந்த தேசத்திலும் ஒரு ஆசாரி இருந்திருக்கிறார். அவரும் படம் தப்பு என்று கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் சரியாகச் செய்துவிட்டார். தாளை யாரும் திருத்தவில்லை. ஆறுமுக ஆசாரி அந்தத் துண்டை ரொம்ப நேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னிடம் ஜெயித்ததாகச் சொல்லிக் காட்டவில்லை. ஆறே நாளில் புதுக் கூடு தயாரானது. மேட்டில் இருந்த இரண்டு வயல் கருகிவிட்டது, மிச்சம் பிழைத்தது. தண்ணீர் வந்த அன்று வேலாயுதம் அண்ணாச்சி பட்டறைக்கு ஒரு குலை இளநீர் கொண்டுவந்தார். ப்ளூ பிரிண்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.

“படம் போட்டவன் கெணத்துல முங்க மாட்டான்லா. அதான் நம்ம முங்க வேண்டியதாப் போச்சு.”

தானாகத் திரும்பும் வண்டி

எங்கள் ஊர்ச் சாரலைப் பற்றி எல்லோரும் புகழ்ந்து பேசுவார்கள். அவர்கள் யாரும் தேக்கில் அளவு எடுத்தவர்கள் இல்லை. சாரல் காற்றில் மரம் ஊதிவிடும். வார்னிஷ் அடித்தாலும் ஊதும். சித்திரையில் செய்து வைத்த கட்டையை ஆனியில் அளந்தால், அது குற்றாலம் வந்து பத்து நாள் தங்கிச் சாப்பிட்ட ஆள் மாதிரி ஒரு சுற்றுப் பெருத்திருக்கும்.

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை ஏற்றும் ஒருவர் தன் தள்ளுவண்டிக்கு இரண்டு இரும்புச் சக்கரம் கேட்டிருந்தார். ஒன்றைச் சித்திரையில் வார்த்தோம். உலைக்கு நிலக்கரி தட்டுப்பாடு, அதனால் இன்னொன்றை ஆனியில் வார்த்தோம். கட்டை ஒன்றுதான், படமும் ஒன்றுதான். வண்டியில் மாட்டிப் பத்து நாள் கழித்து வந்தார். சக்கரங்கள் ஒன்றுக்கொன்று கால் அங்குலம் வித்தியாசம், வண்டி தானாக இடது பக்கம் இழுக்கிறது. படத்தை எடுத்து விரித்து, அளவு சரிதான் என்று காட்டினேன். அவர் படத்தைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“சந்தைக்குப் போவும்போது தானாத் திரும்புது, நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்கு வரும்போதும் சந்தைக்கே திரும்புதுல்லா தாயி?”

காற்றுக்கு வழி

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். வளைந்த குழாய் ஒன்றின் படம் வந்தது. குழாயின் உள்ளே இருக்கும் பொந்து எப்படி வரும் என்றால், அந்தப் பொந்தின் வடிவத்தில் மண்ணில் ஒரு உருவம் செய்து அச்சுக்குள் வைப்பார்கள். அதைச் சுற்றி இரும்பை ஊற்றுவார்கள். சூட்டில் அந்த மண்ணுக்குள் காற்று பொங்கும். அது வெளியே போக ஒரு ஓட்டை விட வேண்டும். மூலப் படத்தில் அதற்கான குறி ஒரு ஓரத்தில் பொடியாக இருந்தது. படம் போட்டவரின் கிறுக்கல் கையெழுத்து என்று நினைத்து, நான் அதை என் படத்தில் ஏற்றவில்லை. இந்த மாதிரி வளைந்த குழாயை நாங்கள் அதற்கு முன் வார்த்ததும் இல்லை.

இரும்பு ஊற்றி முடிக்கும் நேரத்தில் அச்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம், இருமல் மாதிரி. ஒரு கரண்டி அளவு இரும்பு மேலே தெறித்து இசக்கியின் வலது பாதத்தில் விழுந்தது. பெரியாஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தார். மண்ணில் ஈரம் அதிகம் என்று முதலாளி அண்ணாச்சி எல்லோரிடமும் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மூன்று நாள் அந்தப் பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மூலப் படத்தை நூறு தடவை விரித்து விரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் குறி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைப்பது போல விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். மண்ணில் தப்பு இல்லை, என் படத்தில்தான் தப்பு என்று சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி விசிற ஆரம்பித்தாள். இசக்கி கூரையைப் பார்த்தபடியே சொன்னார்:

“தெரியும் தாயி. மண்ணு நான் பெசஞ்சதுல்லா. அடுத்த படத்துல காத்துக்கு வழி போட்டிரு. நீ போடலன்னா அது தானா ஒரு வழி பாத்துக்கிடும்.”

கம்ப்யூட்டர் போட்ட படம்

எண்பதுகளின் கடைசியில், பெங்களூரில் எஞ்சினியராக இருந்த தென்காசிப் பையன் கணேசன் ஒரு நீளமான குழாய் டப்பாவோடு வந்தார். அவருடைய கம்பெனி புது மெஷின் ஒன்று செய்கிறதாம். அதன் மூடிக்கு இங்கே வார்ப்பு எடுத்தால் சல்லிசாக முடியும் என்று யோசனை. டப்பாவிலிருந்து தாளை உருவி மேஜையில் விரித்தார். பச்சை, சிவப்பு, நீலம் என்று கலர் கலராகக் கோடு. மீன் வலையைக் காயப்போட்ட மாதிரி முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் எல்லாமே ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தது. கம்ப்யூட்டர் போட்ட படம், மனுஷன் கை படவில்லை, தப்பு வரவே வராது என்றார். என் பென்சில் டப்பாவை மரியாதையாக ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் பார்த்தேன். கைப்பிடியின் தோலும் மூடியின் தோலும் சேரும் இடத்தில், ஒரு பக்கம் இரண்டுக்கும் நடுவே கடுகு நுழையும் அளவுக்கு இடைவெளி. மறுபக்கம் கைப்பிடி மூடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. கணேசனிடம் காட்டினேன். திரையில் பார்த்தால் ஒட்டித்தான் இருக்கிறது என்றார். தண்ணீர் ஊற்றினால் ஒழுகுமே என்றேன். கம்ப்யூட்டரில் யார் மேடம் தண்ணீர் ஊற்றுவார்கள் என்றார். சரி, மூடியின் கனம் எவ்வளவு என்றேன். அது வெறும் தோல்தான், கம்ப்யூட்டரில் அதற்குக் கனம் சைபர் என்றார். அப்போது ஆசாரி வாயைத் திறந்து, சைபர் கனத்தில் தேக்கு செங்கோட்டை மரக்கடையில் கிடைக்காது என்பதைத் தெரிவித்தார்.

கடைசியில் எப்போதும் செய்வதைச் செய்தோம். கடுகு நுழையும் இடத்தை அடைத்து, துளைத்துப் போன கைப்பிடியை நறுக்கி, கால் அங்குலக் கனம் வைத்து, உள்ளே தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும்படி ஒரு மூடியை மரத்தில் செய்தோம். கணேசன் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினார். ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் மரக்கட்டையை இடம் இடமாக அளந்து, அந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்களாம், இப்போது படம் மிகத் துல்லியமாக இருக்கிறதாம். கூடவே புதுப் படம் ஒன்றையும் மடித்து அனுப்பியிருந்தார். ஆசாரி அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அப்ப நம்ம கட்டையப் பாத்து அது வரைஞ்சிருக்கு. பரவால்ல, கொஞ்சம் கை பழகினா நல்லாப் போடும்.”

மொத்தத்தில், பெரிய படிப்புப் படித்தவர்கள் தாளில் மறந்துவிட்டுப் போன இடங்களைத் தேடிக் கண்டுபிடித்து மரத்தால் அடைத்ததற்கு எனக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள், அவர்கள் மறக்காமல் இருந்திருந்தால் நான் பட்டினி.